இரையின் மரபணு

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் கட்டுரையைப் படித்தேன். குளத்துச் சேற்றைச் சலித்து நான் அனுப்பிய தட்டைப்புழு, தட்டைப்புழுவே அல்லவாம்; கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பிராணிகளான சக்கர உயிரிகளுக்கு நெருங்கிய சொந்தமாம். பரிணாம மரத்தில் அதை வேறு கிளையில் ஒட்டியிருக்கிறாய். ஒட்டிக்கொள். ஆனால் "நுண்ணோக்கியை மட்டும் நம்பியவர்களின் பிழை" என்று எழுதியிருக்கிறாயே, யாரை? அந்தப் புழுவை வெட்டிப் பார்த்து வரைந்து எழுதியவள் நான் ஒருத்திதானே.

அனுப்பும்போதே போனில் சொன்னேன்: "மரபணு எடுக்க அரைக்கிறதுக்கு முன்னாடி பட்டினி போடுடி. அது சக்கர உயிரியைத்தான் தின்னும்." போட்டாயா?

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த வரி எங்கள் ஆய்வகத் தலைவர் சேர்த்தது. நான் தடுத்திருக்கலாம். அவசரத்தில் பட்டினியும் போடவில்லை. உன் கடிதம் வந்ததும் மிச்சமிருந்த புழுக்களைப் பட்டினி போட்டு மறுபடி பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி, அது தட்டைப்புழுதான். நான் படித்தது அதன் வயிற்றில் கிடந்த இரையின் மரபணுவை.

என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி மே மாதம் முடிவெடுக்கிறார்கள். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை

மார்ச் 24

தங்கச்சிக்கு,

"அன்புள்ள" என்று எழுதக் கை வரவில்லை. அவசரத்தில் செய்த தவறை மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் மூடி மறைக்க என்னையே கூட்டுச் சேர்க்கிறாயே, அதை எப்படி மன்னிப்பது?

நேற்று வகுப்பில் ஒரு மாணவி உன் கட்டுரையை நீட்டி, "அப்போ நீங்க நடத்தினது தப்பா மேடம்?" என்றாள். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். உன் வேலையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

உன் கட்டுரை வந்த இதழின் ஆசிரியருக்கு உண்மையைச் சொல்லிக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஏப்ரல் பத்தாம் தேதி அனுப்புவேன். அதற்குள் நீயே எழுதிவிட்டால் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன். "யாரைக் கேட்டு எழுதின?" என்று தலைவர் எல்லார் முன்னாலும் கத்தினார். வேலை இனி நிரந்தரமாகாது. மேசையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.

நீ கோபப்பட்டது நியாயம். ஆனால் கெடு வைத்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. யோசித்துப் பார்த்து நானாகவே எழுதியிருப்பேன் என்று உனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா? எழுதியிருப்பேனா என்பது இனி எனக்கே தெரியப்போவதில்லை.

கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே.

தங்கை