எழுதப்போகும் இடம்

இன்று எங்கள் ஆய்வுகூடத்து யூ.பி.எஸ் பெட்டியைத் திறந்தார்கள். பழைய பற்றரியின் அமில வாசம் வந்ததும் எனக்கு உன் நினைவுதான் வந்ததடி.

தொண்ணூற்றொன்றில் உடுவிலில் நாமிருவரும் வேலை பார்த்த நிவாரணக் காரியாலயம் இப்படித்தான் மணக்கும். போரால் ஊரில் மின்சாரமே இல்லை. இரண்டு லொறி பற்றரிகளில் ஒரு கணினி ஓடியது. மண்ணெண்ணெயில் தண்ணீர்ப்பம்பின் இயந்திரத்தை ஓட்டித்தான் அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றுவோம்.

இன்சுலின் வேண்டியவர்களின் பட்டியலை ஊர் ஊராக அச்சிட வேண்டும். அதைக் கொண்டு மருந்தெடுக்கக் கொழும்புக்குப் போகும் டொக்டர் மறுநாள் காலை பத்து மணிக்கு வெளிக்கிடுகிறார். பெயர் இல்லாதவருக்கு மருந்து இல்லை. தெல்லிப்பழைப் பட்டியலோடு பற்றரி தீர்ந்து திரை அணைந்துவிட்டது. கடைசி ஊர் சண்டிலிப்பாய், உன் ஊர். அதில் உன் பெயரும் இருந்தது. கையிலிருந்த மண்ணெண்ணெய் இன்னும் ஒரேயொரு தரம் சார்ஜ் ஏற்றத்தான் காணும்; மிச்ச ஊர்கள் எல்லாம் அதற்குள் முடியவேண்டும்.

அந்தப் புரோகிராமை எழுதியவள் நான். ஒவ்வோர் ஊரையும் ஏற்றுமுன் நினைவகத்தில் இரண்டாயிரம் பெயருக்கான இடத்தையும் ஒவ்வொன்றாக வெறுமையாக்க வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் கழுவி வைத்த கோப்பையையும் தேத்தண்ணி ஊற்றுமுன் ஒருதரம் அலசுவோம். அந்தப் பழக்கம் எனக்குக் கணினியிலும் போகவில்லை.

புரோகிராமை அச்சிட்டு வைத்திருந்த தாளில், நீ அந்த வரிகளில் விரலை வைத்தாய்.

"எழுதப்போற இடத்தை ஏனடி முதல்ல துடைக்கிறாய்? புதுசு விழேக்கை பழசு தானாய்ப் போயிடும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது பேர் இருந்த இடத்தில் பத்துப் பேரை எழுதினால் முந்தின ஊரின் மிச்ச முப்பது பேரும் புது ஊர்க்காரராக அச்சில் வந்து நிற்பார்கள் என்று சண்டை பிடித்தேன். நீ சிரிக்கவில்லை. எத்தனை பேர் என்று எண்ணி வைத்திருக்கிறோம்தானே, அந்த எண்ணிக்கையோடு அச்சை நிறுத்தினால் போதும் என்றாய். மறுநாள் காலை சார்ஜ் ஏற்றியதும் முதல் வேலையாக அந்த வரிகளை அழித்தோம்.

ஒவ்வோர் ஊருக்கும் பத்து இருபது விநாடி மிச்சப்பட்டது. சண்டிலிப்பாய் ஓடும்போது திரை மங்கத் தொடங்கியது. உன் பெயர் அச்சாகும்வரை நான் திரையையே பார்த்து நின்றேன். நீயோ தாள் கிழியாமல் பார் என்றாய். பொல்லாத ஆள் நீ.

நாலு வருடம் உனக்கு மருந்து வந்தது. தொண்ணூற்றைந்தில் ஊரே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, சூட்டில் கெடாமல் ஈரமணல் சட்டியில் வைத்து நீ கொண்டுவந்த கடைசி மருந்துப் போத்தலும் முடிந்தது. அங்கே பட்டியலும் இல்லை, கணினியும் இல்லை. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், என் மடியில், நீ போனாய். எதை மிச்சம் பிடித்திருந்தால் உன்னை வைத்திருந்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லையடி.

இப்போது மாணவர்களுக்குக் கணினி இயங்குதளம் படிப்பிக்கிறேன். இன்றைய வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்:

"மிஸ், ஒரு புரோகிராம் முடிஞ்சு நினைவகத்திலை விட்டுட்டுப் போன இடத்தை உடனை ஏன் துடைக்கிறேல்லை?"

"உடனை துடைச்சால் வீண் வேலை. வேறை ஆருக்கும் குடுக்கேக்கை துடைச்சால் காணும்" என்றேன்.

சொன்னபிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி அடுத்த தலைப்பை எழுதினேன். நீ விட்டுப்போன இடத்தை நான் இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.