கழுத்துக்கட்டையோடு வருவேன்

அன்பு மகள் நங்கோபிக்கு உன் அம்மா நைகாகா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி முகோயாவும் மூச்சோடும் வேளைக்குக் கிழங்கோடும் இருக்கிறோம், நீயும் அந்தப் பனி ஊரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். நலம் கேட்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதால் இந்த நாலு வார்த்தை, மனசில் கிடப்பது வேறு, அது இனிமேல்தான் வரும். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் "அம்மா, லைன் சரியில்ல, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். லைன் நன்றாகத்தான் இருக்கிறது. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாதே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி முதலில். அப்பாவின் முட்டி மழை வந்தாலும் வலிக்கிறது, வெயில் வந்தாலும் வலிக்கிறது, ரேடியோவில் செய்தி வரும் நேரம் மட்டும் வலிக்கிறதில்லை. நிலக்கடலை பரவாயில்லை, பலா இந்த முறை தரையெல்லாம் விழுந்து ஈ மொய்க்கிறது, தின்ன ஆளில்லை. முகோயா பைக்கில் ஆள் ஏற்றி ஓட்டுகிறான், கரும்பு லாரிக்காரர்கள் ரோட்டைத் தங்கள் வீட்டு முற்றம் என்று நினைத்துக்கொண்டு வருவதால் அவன் திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன். உன் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வரவில்லை என்று ஊரே கேட்டது, ஆபீஸ் விடவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். உனக்காக நான் சொல்லும் பொய்க்கெல்லாம் கர்த்தர் என்னிடம்தான் கேட்கப்போகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நீ வந்திருந்தபோது என் நாலாம் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படம் எடுத்தாயே, நினைவிருக்கிறதா? மூன்றாம் வகுப்புவரை நம் பேச்சில் படித்த பிள்ளைகள் நாலாம் வகுப்பில் திடீரென்று இங்கிலீஷுக்குள் வந்து விழுகிறார்கள். எழுவாய் எது, பயனிலை எது என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறார்கள். பாவம், நம் பேச்சில் செய்கிறவர் வினைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பார், இங்கிலீஷில் அவரைப் பிய்த்து முன்னால் உட்கார வைக்க வேண்டும். அதனால்தான் ஜன்னல் பக்கத்துப் பெஞ்சுகளுக்கு "யார்" வரிசை என்றும் சுவர் பக்கத்துக்கு "என்ன செய்தார்" வரிசை என்றும் பெயர் வைத்தேன். இந்தப் பக்கம் "மகும்பாவின் ஆடு" என்று இங்கிலீஷில் கத்தும், அந்தப் பக்கம் "ஹெட்மாஸ்டர் சட்டையைத் தின்னுச்சு" என்று திருப்பிக் கத்தும். நம் ஊர் மகும்பாவின் ஆடு உண்மையிலேயே சட்டையைத் தின்றது ஊருக்கே தெரியும், பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் படிப்பார்கள். நீயும் அந்த யார் வரிசையில் உட்கார்ந்து படித்தவள்தான். அன்றைக்குப் பின்னால் உட்கார்ந்து நீயும் கூடக் கத்தினாய். என் மகள் என் வகுப்பை எவ்வளவு ஆசையாகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் இந்த வருஷம் உன் கம்பெனி நம் பள்ளிக்கூடத்தை எடுத்து நடத்த வந்தது, டேப்லெட் பெட்டி வந்தது. ஹெட்மாஸ்டர் திபென்கானா பெட்டிக்கு முன்னால் பிள்ளைகளை மண்டியிட வைத்து வரவேற்புப் பாட்டுப் பாட வைத்தார், பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார், நான் ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் பூப்போட்ட உறை தைத்தேன். "இதுக்குள்ள இருக்குற பாடத்தை எழுதுனது என் பொண்ணு" என்று சந்தையில் மீன் விற்கிறவளிடம்கூடச் சொன்னேன். திறந்து பார்த்தால் என் யார் வரிசை, என் என்ன செய்தார் வரிசை. ஆட்டுக்குப் பதில் நாய், என் வகுப்புப் பிள்ளை ககோயாவுக்குப் பதில் சாம் என்று ஒரு பையன், பலாவுக்குப் பதில் ஆப்பிள், நம் பேச்சு ஒரு சொல்கூட இல்லை. பரவாயில்லை, பிள்ளை அம்மாவின் பாடத்தைத்தான் உலகத்துக்குக் கொண்டுபோகிறாள் என்று அப்போதும் சந்தோஷம்தான் பட்டேன். பைத்தியக்காரி நான்.

டேப்லெட்டில் இருப்பதை வரி பிசகாமல் வாசிக்க வேண்டும், விரல் வரியின் மேல் இருக்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. இதைப் பார்க்க உன் கம்பெனி அனுப்பிய கிருண்டா என்று ஒரு பையன், தலையில் எண்ணெய் வழிய, ஒவ்வொரு வாசலிலும் வந்து நிற்பான். ஒரு நாள் தகரக் கூரைமேல் மழை கொட்டி ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை, நான் வாசிப்பதை நிறுத்தினேன். பக்கத்து வகுப்பில் மழைக்கு வாசித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு நல்ல மார்க், எனக்குக் குறைவு. "மழைக்கு இங்கிலீஷ் வேணுமாடா?" என்று கேட்டேன், அதற்கும் ஒரு மார்க் குறைத்தான். எனக்கு வாயும் கொஞ்சம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாடத்தில் நான் பிசகவில்லை. என் பாடத்தை நான் ஏன் பார்த்து வாசிக்க வேண்டும்? மனசிலிருந்து வந்தது, கண்ணைத் தூக்கிப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். ஒவ்வொரு முறை கண்ணைத் தூக்கியதற்கும் அவன் ஒரு கோடு போட்டான்.

கடைசி நாளைச் சொல்கிறேன், அன்றைக்கு நடந்ததை உன் ஆபீஸ் உனக்குச் சொல்லியிருக்காது. ககோயா தெரியுமல்லவா, முன்பல் இல்லாத அந்தச் சின்னவள், தேறாமல் இந்த வருஷமும் என் வகுப்பிலேயே இருந்தவள், காலையில் பென்சில் கேட்கும்போது நம் பேச்சில் கேட்டுவிட்டாள் என்று அவள் கழுத்தில் அந்தக் கயிறு கோத்த மரக்கட்டை தொங்கியது. நீயும் போட்டவள்தானே அதை. நம் பேச்சுப் பேசி அடுத்து மாட்டுகிறவரைக் கண்டுபிடித்து அவர் கழுத்தில் மாட்டும்வரை கழற்ற முடியாது, சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்தான் கக்கூஸ் கழுவ வேண்டும். அவளிடம் சாம் ஆப்பிளைக் கடிக்கிறான், யார் கடிப்பது என்று கேட்டேன். அவள் "சாம் அவன் கடிக்கிறான்" என்று செய்கிறவரை இரண்டு தடவை வைத்தாள், எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் வைக்கும். கண்ணில் தண்ணீர் வேறு. நான் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு நம் பேச்சில் "சாமை விடுடி தங்கம், உங்க வீட்டுப் பலாவை யாரு தின்னா?" என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்து, சரியாக, இங்கிலீஷிலேயே, "என் அண்ணன் பலாவைத் தின்றான்" என்றாள். வகுப்பே கைதட்டியது. அப்போது கிருண்டா உள்ளே வந்து அந்தச் சின்னவள் கழுத்திலிருந்து கட்டையைக் கழற்றி என் மேஜைமேல் வைத்து, "மேடம், இனி இது உங்களுக்குத்தான், ரூல் எல்லாருக்கும் ஒண்ணு" என்று சிரித்தான். பிள்ளைகள் சிரிக்கவில்லை. நான் எடுத்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மணி அடிக்கும்வரை அதோடு பாடம் நடத்தினேன், கக்கூஸையும் கழுவினேன், அதோடுதான் சந்தை வழியாக வீட்டுக்கு நடந்து வந்தேன். மீன் விற்கிறவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுவாரம் காகிதம் வந்தது, பணியிலிருந்து நீக்கப்படுவதாக முடிவு எடுக்கப்பட்டது என்று. யார் எடுத்தது என்று திபென்கானாவிடம் கேட்டேன், "மேல இருந்து வந்துச்சு மேடம்" என்று கூரையைப் பார்த்தார். கிருண்டாவிடம் கேட்டேன், "நான் கோடு மட்டும்தான் போட்டேன்" என்றான். உன்னிடம் கேட்டேன். நீ "அம்மா, நான் பாடம் மட்டும்தான் எழுதுறேன், மார்க்கை சிஸ்டம் போடுது, முடிவு வேற டீம்" என்றாய். எனக்கு நெஞ்சு எரிந்தது நங்கோபி, இப்போதும் எரிகிறது. உன் அப்பா "பிள்ளை என்ன பண்ணும், ஆபீஸ் வேலை அப்படித்தான்" என்று உன் பக்கம் பேசுகிறார், அன்றிலிருந்து அவருக்குக் கடலைக் குழம்பில் உப்புக் குறைத்துத்தான் ஊற்றுகிறேன். என் இடத்தில் இப்போது ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள், விரலை வரிமேல் வைத்து அழகாக வாசிக்கிறாளாம். ககோயா பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள், கரும்புக் காட்டில் அம்மாவோடு களை பிடுங்குகிறாள். தன்னால்தான் எனக்கு வேலை போச்சு என்று அவள் நினைத்துக்கொண்டு என் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இவ்வளவுக்கும் மேல் போன வாரம் நீ அனுப்பிய செய்தி. பருவம் முடியும் முன் உன் ஆபீஸ் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாயாம், "அம்மா, அந்த ரெண்டு வரிசை விளையாட்டை நீ ஒரு தடவை அவங்களுக்குச் செஞ்சு காட்டணும், ஒரிஜினலா இருக்கும்" என்கிறாய். எப்படியம்மா உனக்குக் கேட்க மனசு வந்தது? திருட வந்த வீட்டில் தண்ணீர் கேட்டமாதிரி இருக்கிறது. முதலில் வரமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது சொல்கிறேன், வருவேன். கட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வேலையைப் பிடுங்கிய அவசரத்தில் யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருவேன். முதல் நாள் ககோயா வீட்டுக்குப் போய், அவள் ஓடினாலும் பிடித்து, கையோடு கூட்டி வந்து யார் வரிசையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். உன் பெரியவர்கள் எல்லாரும் பார்க்க, நானும் அவளும் "நங்கோபி" என்று கத்துவோம். என்ன செய்தார் வரிசையில் நீ ஒருத்திதான் உட்கார்ந்திருப்பாய். நங்கோபி என்ன செய்தாள் என்ற மீதியைச் சொல்ல வேண்டியது நீ.

விதி உனக்குத் தெரியும். உன் ஆட்கள் முன்னால் அதை நம் பேச்சில் சொன்னால் கட்டை என் கழுத்திலிருந்து உன் கழுத்துக்கு வரும். இங்கிலீஷில் சொன்னால் உன் அம்மாவின் கழுத்திலேயே கிடக்கும். எதில் சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் வயிறு நிறையட்டும், உனக்கும் பிள்ளைகள் பிறக்கட்டும். விமானத்தில் கால் வீங்கும், காலுறையை மறக்காதே. அப்பாவின் முட்டிக்கு அந்தப் பச்சை மூடித் தைலம் இரண்டு வாங்கி வா. வந்ததும் வீட்டுக்கு முதலில் வா, பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் போகலாம், பலா வெட்டி வைக்கிறேன்.

உன்னை முதன்முதலில் யார் வரிசையில் உட்கார வைத்த,
உன் அம்மா
நைகாகா