பட்டியலில் இல்லாத நாடு

மார்ச் 2

அன்புள்ள வாலு,

முதலில் ஒரு மானங்கெட்ட விஷயம். அப்பா என்னைப் பற்றிப் பொய் சொன்னார், நான் தலையாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர், "பையன் என்ன வேலை?" என்றார். "வெளியுறவுத் துறை. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல பேசுறதே இவன்தான்" என்றார் அப்பா. எந்தத் தூதர் எந்த நாற்காலியில் உட்காரவேண்டும், எந்தக் கடிதம் எந்த உறையில் போகவேண்டும் என்று பார்க்கும் மரபுப் பிரிவில் நான் ஒரு மேஜை குமாஸ்தா என்பதை அந்த மனுஷனிடம் சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப தங்கச்சிய ஒரு வாரத்துல வரவச்சுடு" என்றார் அப்பா. டாக்டர் ஒரு மாதம்தான் சொல்லியிருக்கிறார். வந்துவிடு. பாஸ்போர்ட் புதிதுதானே, பளபளவென்று இருக்கும்.

உன் அண்ணன்

மார்ச் 8

அண்ணா,

வந்தேன், எல்லை வரைக்கும். காவலர் புரட்டிப் பார்த்து, "அச்சு நல்லாருக்கும்மா. ஆனா இப்படி ஒரு நாடு எங்க பட்டியல்ல இல்லயே" என்றார். பழைய பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் அது செல்லாதாம். போன வருஷம் வரை ஒரே நாடு, பஸ் ஏறி வந்துகொண்டிருந்தேன்.

இன்னொரு செய்தி. பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து என்னைப் பிடித்து இங்கே வெளியுறவு அமைச்சகத்தில் போட்டுவிட்டார்கள். அமைச்சகம் என்றால் மரச்சாமான் கடை மாடியில் இரண்டு அறை. வரும் தபாலைப் பிரிப்பது என் வேலை. "அங்கீகாரம் கேட்டு எழுதலாமே சார்" என்றேன். அமைச்சர், "நாம போய்க் கெஞ்சணுமா? பெரியவங்கதான் முதல்ல எழுதணும்" என்கிறார்.

அப்பாவிடம் என்ன சொல்லியிருக்கிறாய்? உங்கள் பக்கத்தை ஒரு உலுக்கு உலுக்கு.

வாலு

மார்ச் 16

அன்புள்ள வாலு,

உலுக்கினேன், என் கைதான் வலித்தது. டைரக்டரின் டிரைவர் சொல்கிறான்: "அவங்க கேக்கட்டும், நாம குடுப்போம்னு ஐயா காருல பேசிட்டிருந்தாரு." சம்பந்திச் சண்டை தோற்றது போ. நானும் துணிந்து டைரக்டர் அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும், ஜன்னல் திரை அழுக்காக இருக்கிறது, மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மாற்றியும் விட்டார்கள். இருபத்தாறு வருஷ சர்வீசில் நான் சொல்லி உடனே நடந்த காரியம் அதுதான்.

அப்பா பேசுவது குறைந்துவிட்டது. நேற்று, "அவ எங்கடா?" என்றார்.

"கையெழுத்துக்குப் போயிருக்குப்பா."

"யாரு போடணும்?"

"அதிபர்."

"ஏன், நீ போடக்கூடாதா?"

பக்கத்துக் கட்டில்காரர் கரிசனத்தோடு என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீ ஒரு கடிதமாவது அப்பாவுக்குத் தனியாக எழுது. தபாலுக்கு உங்கள் நாடு இருக்கிறது, மனுஷருக்குத்தான் இல்லை.

உன் அண்ணன்

மார்ச் 24

வாலு,

தந்தி கிடைத்திருக்கும். இருபத்தொன்றாம் தேதி, மதியச் சாப்பாடு பரிமாறும் நேரம். உன் கடிதத்தை அன்று காலையில்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர் என் தோளைத் தட்டி, "பேச்சுவார்த்தை இழுத்துடுச்சு போல தம்பி" என்றார். அவருக்கும் தலையாட்டினேன்.

நேற்று ரேடியோவில் அறிவித்தார்கள், எங்கள் நாடு உங்கள் நாட்டை அங்கீகரித்துவிட்டதாம். இரண்டே நாள், வாலு. டைரக்டரைத் திட்டுவதா, உன் அமைச்சரைத் திட்டுவதா? இந்தப் பெரிய மனுஷர்கள் நடுவில் நீயும் நானும் என்ன செய்திருக்க முடியும், சொல்லு.

இனி வழி திறந்திருக்கிறது. வா. அப்பாவின் அறையை அப்படியே வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 30

அண்ணா,

விசா கிடைத்துவிட்டது. இப்போது வரவில்லை.

உங்கள் அதிபரின் அங்கீகாரக் கடிதம் 23ஆம் தேதி காலை வந்தது. நான்தான் பிரித்தேன். நாங்கள் கேட்காமலே எழுதியிருக்கிறார். கையெழுத்துக்குக் கீழே தேதி மார்ச் 12.

பின்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது, எடுக்க மறந்திருக்கிறார்கள். எங்கள் அமைச்சர் பார்ப்பதற்குள் கழற்றிவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். "மூன்று கடிதங்கள். அதிபர் கையெழுத்திட்டவற்றை மடிக்கக் கூடாது. பெரிய உறை வரும்வரை நிறுத்தி வைக்கவும்." யார் யாருக்கு என்று பார்க்கவில்லை போலிருக்கிறது.

உன் கையெழுத்துதான். தேதி மார்ச் 13.

வாலு