மோட்டரை அணைத்தால் தெளியும் படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை பாதிதான் எழுத முடிகிறது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும்.

அம்மாவின் முதுகில் வந்திருப்பது வேர்க்குரு இல்லை. போனில் அவள் உன்னிடம் சொன்னது பொய். பக்கத்தில் நின்றுகொண்டு நானும் ஆமாம் போட்டேன். அது படுக்கைப் புண். காரணம் நான். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிவிடுகிறேன், அப்புறம் நீ திட்டு. நம் பழைய டிவியில் இரண்டு மாதமாகப் படம் சரியில்லை, குறுக்கே கோடு கோடாக ஓடும், முகங்கள் பொடிப்பொடியாக உதிரும். அம்மாவுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வக்கீலம்மா தொடர் பார்த்தாக வேண்டும், ஒரு நாளில் அவள் கேட்பது அது ஒன்றுதான். மொட்டை மாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தேன். ஒயர் முனையைச் சுரண்டிப் புதிதாக முறுக்கினேன். மேல்வீட்டுத் தையல்காரரின் மெஷின்தான் காரணம் என்று அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பாவம், மெஷினை நிறுத்திவிட்டுக் கூடவே வந்து பார்த்தார், கோடு அப்படியே ஓடியது. இப்போ யாரைத் திட்டப்போறீங்க சார் என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் மெக்கானிக் வந்தார். ஆன்டெனாவில் குத்தம் இல்ல, வீட்டுல ஓடுற ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க என்றார். ஃப்ரிட்ஜ், ஃபேன், டியூப்லைட். ஒன்றும் நடக்கவில்லை. மிச்சம் இருந்தது அம்மாவுக்குப் புண் வராமலிருக்க நீ அனுப்பிய காற்றுப் படுக்கையின் மோட்டர். அதை அணைத்தேன். படம் கழுவிவிட்டதுபோல் வந்தது. அட, வக்கீலம்மா கன்னத்துல மச்சம் இருக்கே, இத்தனை நாள் தெரியலையே என்று அம்மா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

வேறு பிளக்கில் மாட்டினோம், பயனில்லை. டிவியை எதிர்ச்சுவருக்கு மாற்றினால் அந்தப் பக்கம் அவளுக்குக் கழுத்து திரும்பாது. புது டிவி வாங்கலாம் என்றேன். இன்னும் எத்தனை நாளைக்கு நான் பார்க்கப்போறேன்னு புதுசு என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கடைக்குப் போக என்னால் முடியவில்லை. அதனால் தினமும் ஆறு மணிக்கு மோட்டரை அணைத்தேன். அரை மணிநேரம்தானே. பிறகு அடுத்த தொடரும் சேர்ந்துகொண்டது. போன ஞாயிறு தொடர் முடிந்தபின் மோட்டரைப் போட மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் படுக்கை காற்றெல்லாம் இறங்கிப் பலகையாகக் கிடக்கிறது. மோட்டர் ஓடவில்லை என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், சத்தமில்லாம நல்லா இருந்துச்சு, உங்களை எழுப்ப மனசு வரல என்கிறாள். இதில் எது உண்மை என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா வந்து அம்மாவைப் புரட்டிப் பார்த்தார். படிச்ச மனுஷன்தானே ஐயா நீங்க, படம் பார்க்கவா உங்க மக கடல் தாண்டி மெஷின் அனுப்பினாங்க என்றார். புண் ஆழமாகப் போயிருக்கிறது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும், இரண்டு வாரம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது மோட்டரை அணைப்பதே இல்லை. படம் பழையபடி கோடுதான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். நான் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, வக்கீலம்மா எழுந்து நிற்கிறார், நீலப் புடவை என்று சொல்வேன். இந்தக் கோட்டுக்குள்ள நீலம் எங்க தெரிஞ்சுது உங்களுக்கு, சும்மா அளக்காதீங்க என்பாள்.

நேற்று சாயங்காலம் உடம்பு லேசாகச் சுட்டது. நூறு. இன்று காலை இல்லை.

நான் எழுதியதை அவளிடம் காட்டிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது, அதுதான் என் ஆசீர்வாதம். இத்தனை வருஷத்தில் எந்தக் கடிதத்திலும் உன்னை வா என்று நான் கூப்பிட்டதில்லை. முடிந்தால் வா என்று எழுதினேன். பிறகு முதல் சொல்லை அடித்துவிட்டேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா