நீதிபதி சொன்ன காரணங்கள்

சனிக்கிழமை, இரவு.

குடித்துவிட்டு வேன் ஓட்டி என் மகள் ஸ்டெல்லாவைக் கொன்றவனுக்கு நேற்று இரண்டு வருடம் தண்டனை கொடுத்தார்கள். பேப்பரில் அது மட்டும்தான் வந்திருக்கிறது. ஏன் என்பதை நீதிபதி கோர்ட்டில் இருந்த எங்களுக்குத்தான் சொன்னார்.

காலையில் மீன் வாங்கும்போது பக்கத்து வீட்டு மும்தாஜ், "ரெண்டே வருசமாக்கா? அந்த ஜட்ஜுக்குப் புள்ளகுட்டி இல்லியா?" என்றாள். சின்ன வயது, முதல் குற்றம், தானே ஒப்புக்கொண்டான், கைக்குழந்தை இருக்கிறது என்று அவர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"அப்படின்னா சரிதான்க்கா" என்று சமாதானமாகிப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை.

அதற்குப் பிறகும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். அவனுடைய வக்கீல்கூட அவனுக்காக இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை.

நாளை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கேட்பார்கள். ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியாது என்று பொய் சொல்லப்போகிறேன்.