சாமி விளக்கில் கழுவப்படும் எக்ஸ்ரே படங்கள்

அனுப்புநர்
அ. கயல்விழி,
இருட்டறை உதவியாளர்,
தாமரையோடை அறக்கட்டளை மருத்துவமனை,
சிதம்பரம்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்,
கடலூர்.

பொருள்: எக்ஸ்ரே இருட்டறையை வாஸ்து பார்த்து இடித்துக் கட்டியதால் படங்கள் பாழாவது – அறையை மூடி, நோயாளிகளைத் திரும்ப அழைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகளாக எக்ஸ்ரே பிலிம் கழுவி வருகிறேன். டிஜிட்டல் கருவி இங்கே இன்னும் வரவில்லை. பிலிமை வெளியே எடுத்து மருந்தில் போட்டு, படம் நிலைக்கும்வரை அதன்மேல் வெளிச்சம் படக்கூடாது. அடர்சிவப்பு வடிகட்டி போட்ட பாதுகாப்பு விளக்கு ஒன்றுதான் உள்ளே எரியலாம். இதை நானாகச் சொல்லவில்லை, பிலிம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது.

2. பழைய இருட்டறைக்குக் கதவே கிடையாது. இரண்டு திருப்பம் திரும்பித்தான் உள்ளே போக வேண்டும். திருப்பத்துச் சுவர்களுக்குக் கறுப்பு அடித்திருந்தது. கடந்த ஜூன் மாதம் அறங்காவலர் திரு. சுப்பராயலு ஒரு வாஸ்து நிபுணரை அழைத்து வந்தார். ஈசானிய மூலை அடைபட்டுக் கிடப்பதால்தான் மருத்துவமனைக்குக் கூட்டம் வரவில்லை என்று நிபுணர் கண்டுபிடித்தார். அந்த மூலையில் இருந்தது என் இருட்டறை. திருப்பச் சுவர்களை இடித்தார்கள். வெயில் விழும் கிழக்குப் பக்கம் வாசல் வைத்தார்கள். போதாக்குறைக்கு மேலே ஒரு சாளரம் திறந்து மஞ்சள் கண்ணாடி பதித்தார்கள். இருட்டறைக்குள் வெளிச்சத்தை வரவழைத்த பெருமை எங்கள் மருத்துவமனையையே சேரும்.

3. பாதுகாப்பு விளக்கைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, பிள்ளையார் படம் மாட்டி, அதன் முன் பூஜையறையில் எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்பைப் போட்டார்கள். மேலாளர் திரு. இளவரசுவிடம் முறையிட்டேன். "அதுவும் செவப்பு, இதுவும் செவப்பு. சாமி வெளக்குல இன்னாம்மா கொற கண்ட?" என்றார். பிள்ளையாரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. பல்பில் பூசிய சாயம் வெளிச்சத்தை வடிகட்டாது, அவ்வளவுதான்.

4. சோதித்தும் காட்டினேன். புது பிலிம் ஒன்றை அந்த அறையில் வைத்து, அதன்மேல் ஒரு காசை வைத்து, இரண்டு நிமிடம் கழித்துக் கழுவினேன். காசு இருந்த வட்டம் மட்டும் தெளிவாக இருந்தது, மற்ற இடமெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. "காசு வச்சி படம் புடிச்சி வெளையாடறியா? பிலிம வீணாக்காத" என்றார் மேலாளர். அந்தப் பிலிமை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

5. ஜூலை 17 அன்று லால்பேட்டைப் பக்கத்திலிருந்து பக்கிரி என்ற டெம்போ ஓட்டுநர் மூன்று வார இருமலோடு வந்தார். அவருடைய மார்புப் படம் அழுக்குத் தண்ணீரில் அலசிய வேட்டி மாதிரி வந்தது. நுரையீரலில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சிரப் எழுதிக் கொடுத்தார். செப்டம்பரில் பக்கிரி ரத்தமாகத் துப்பினார். வேறு மருத்துவமனையில் எடுத்த படத்தில் காசநோய் முற்றியிருப்பது தெரிந்தது. இரண்டு மாதம் அவர் பக்கத்தில் படுத்துத் தூங்கிய ஆறு வயது மகள் அறிவுமதிக்கும் இப்போது நோய் உறுதியாகிவிட்டது. அவர் மனைவி பவானி பழைய படத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இதுல ஒண்ணுமே தெரியலியேக்கா, அப்பறம் ஏன் நல்லாருக்குன்னு குடுத்தீங்க?" என்று கேட்டார்.

6. மேலாளர் இப்போது, பிலிம் காலாவதியானது என்று எழுதித் தரச் சொல்கிறார். கம்பெனிமேல் பழியைப் போட்டுவிடலாமாம். ஒரு குழந்தை மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும்போது அவர் அதே அறைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்து இதைக் கேட்டார். அவர் முகத்தையும் அறங்காவலர் முகத்தையும் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

7. ஆகவே, அந்த அறையைத் தாங்கள் உடனே மூடி முத்திரையிட வேண்டும். இருட்டறையை இடித்துக் கட்டியபின் இங்கே மார்புப் படம் எடுத்த அறுபத்து மூன்று பேரையும் அழைத்து, வேறு இடத்தில் மறுபடி படம் எடுக்கச் செய்ய வேண்டும். அவர்கள் ஒன்றுமில்லை என்று நம்பி வீட்டில் இருமிக்கொண்டிருக்கலாம். பெயர், முகவரிப் பட்டியலை இணைத்துள்ளேன்.

8. கடைசியாக ஒன்று. படம் தெளிவாக இல்லாவிட்டால் மருத்துவரிடம் போகாமல் நிறுத்தி வைப்பது என் வேலை. அறுபத்து மூன்று படங்களுக்கும் பதிவேட்டில் "நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். மேலாளர் அப்படி எழுதச் சொன்னார், வேலை போய்விடும் என்று பயந்து எழுதினேன். பக்கிரியின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். விசாரணையில் என்னைச் சாட்சியாக வைக்க வேண்டாம் ஐயா, அவர்களோடு சேர்த்தே நிறுத்துங்கள்.

இடம்: சிதம்பரம்
நாள்: 06.10.2025

இப்படிக்கு,
அ. கயல்விழி