கடல் வற்றும் நேரத்தில் வகுப்பு

அன்புள்ளவளே,

எதையும் விட்டுவிடாமல் எழுத, காலையிலேயே பட்டியல் போட்டுக்கொண்டேன்:

1. உடல்நலம்.
2. மாணவி.
3. வேலையை விட்டு, சனிக்கிழமைப் படகில் நான் மாஹே தீவுக்கு, நம் வீட்டுக்குத் திரும்புவது.

உடம்புக்குக் குறைவில்லை. ரோஸ்மே வீட்டில் தினமும் தேங்காய்ப்பாலில் வெந்த ஆக்டோபஸ்தான்.

அவள் மகள் ஜினெத்துக்குப் பாடம் சொல்லத்தானே இந்தத் தீவில் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறேன்? தினமும் ஒன்பது மணிக்கு வகுப்பு என்று அட்டவணை ஒட்டினேன். இரண்டு நாள் வந்தாள். அடுத்த மூன்று நாளும் மேசையில் நான் மட்டும். எனக்குக் கற்பிக்கத் தெரியவில்லை என்று முடிவு செய்து, இன்று காலை ரோஸ்மேயிடம் விலகுவதாகச் சொன்னேன்.

"அட வாத்தியாரே, கடல் உள்வாங்கி வத்துற நேரத்துல இந்தத் தீவுல எவ வீட்டுக்குள்ள உக்காருவா? ஆக்டோபஸ் பிடிக்கப் போயிருக்கா. நீங்களும் போய்ப் பாருங்க!" என்று சிரித்தாள்.

ஆக்டோபஸ் காலைப் பிடித்துவிடுமோ என்று முழங்கால் தண்ணீரில் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்துப் போனேன்.

"பயப்படாதீங்க ஐயா, அதுதான் உங்களைப் பாத்து ஒளியுது," என்றாள் ஜினெத், கையில் இரும்புக் கம்பியோடு. "நாளைக்கு அம்பது நிமிஷம் தள்ளித்தான் வத்தும். நாளன்னைக்கு நூறு நிமிஷம். அப்போ சனிக்கிழமை எத்தனை மணிக்கு வகுப்பு? சொல்லுங்க பாப்போம்!"

மூன்று நாளாக நான் நடத்தக் காத்திருந்த பாடமே அந்தக் கணக்குதான். என் அட்டவணையைக் கிழித்துவிட்டேன். கடல் நேரத்துக்கு ஏற்ற புதியதை அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது குறிப்பு தவறு. அந்தப் படகில் நான் வரவில்லை, இந்தக் கடிதம்தான் வருகிறது. படகு இங்கே திரும்பும்போது என் ரப்பர் செருப்பைக் கொடுத்தனுப்பு.

கால்சட்டை இன்னும் காயாத,
உன் கணவன்